வாசல் பக்கம் நகர்ந்த பெஞ்சு

பட்டறையில் வேலை செய்யும் பெஞ்சுகளுக்குச் சக்கரம் வைக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது, எதற்கு, ஊர்வலம் போகவா என்று கேட்டேன். இடம் கம்மி, தள்ளிவிட்டுப் பெருக்கலாம் என்றார். புதுக்கடை என்கிற ஊர்ப் பக்கம், வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டகைதான் பட்டறை. கதவு, ஜன்னல், கட்டில் செய்வோம். அவர் அறுப்பார், இழைப்பார். நான் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன். அதனால் பெஞ்சு இரண்டு.

அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. அதை அந்த மனுஷன் வாய் திறந்து சொல்லவில்லை, பெஞ்சுதான் காட்டிக்கொடுத்தது.

ஆஞ்சிலி மரத்தில் சட்டம் அடித்து, மேலே கனமான பலகை போட்டார். சக்கரத்தோடு சேர்த்து இரண்டும் ஒரே உயரம் இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். நீளப் பலகையை இரண்டின் மேலும் சேர்த்துக் கிடத்தலாமே. காலால் மிதித்தால் அசையாமல் நிற்கிற பூட்டுச் சக்கரம். முதல் நாள் இரண்டையும் உள்சுவரோரம் நிறுத்தினோம்.

அந்த மழைக்காலத்திலேயே அவர் பெஞ்சு நடுவுக்கு வந்தது. கிறிஸ்துமஸ் சமயம் ஜன்னலடிக்கு, பிறகு வாசலுக்கு. நீளப் பலகை வரும்போதெல்லாம் நானும் என்னுடையதைத் தள்ளிக்கொண்டு பின்னால் போக வேண்டும். ரோட்டில் போகிறவர்களோடு கதையடிக்கத்தான் இந்த ஏற்பாடு என்று வாய் ஓயாமல் திட்டினேன். சிரித்துக்கொண்டார். சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே மனப்பாடமாகப் பாடினார். பெரிய பாடகர் என்ற நினைப்பு என்று அதற்கும் ஒரு குத்து.

ஒருநாள் பெஞ்சு வாசற்படியும் தாண்டி முற்றத்தில், உச்சி வெயிலில் நின்றது. அவர் பலகையில் மூக்கு முட்டக் குனிந்து, தான் போட்ட பென்சில் கோட்டை விரலால் தேடிக்கொண்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்! அன்றைக்கே நாகர்கோவில் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சர்க்கரை கண்ணுக்குள் ரத்தக் குழாய்களைக் கெடுத்துவிட்டது என்றார்கள். ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். இனி எவ்வளவு காலம் கண் தெரியும் என்று கேட்டேன், டாக்டர் அடுத்த ஊசிக்குத் தேதி எழுதினார். பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஆரம்பித்தார். காப்பி கொடுக்காமலே அனுப்பினேன்.

அதன்பிறகு தினமும் காலையில் அவர் பெஞ்சை நானே முற்றத்துக்குத் தள்ளினேன். மழை தூறினால் உள்ளே, வெறித்தால் வெளியே. கோடு தெரியுதா என்று கேட்பேன். தெரியுது என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே தள்ளினேன்.

ஈஸ்டர் கழிந்து ஒரு காலை. தள்ளப் போனால் பெஞ்சு நகரவில்லை. அவர் பூட்டின் மேல் காலை வைத்தபடி நின்றார்.

"ஏட்டி, ஓம் பெஞ்சக் கொண்டு வெளிய போடு. ஒனக்கு வெளிச்சம் வேணும்லா."

"அப்போ ஒங்களுக்கு?"

"எனக்கு இனி எங்க கிடந்தாலும் ஒண்ணுதான்."

என் பெஞ்சை மட்டும் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். முற்றத்தில் நல்ல வெயில். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் வாசலில் நின்று என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தை மறைக்க வேண்டியிருக்கவில்லை. வாயை மட்டும் பொத்திக்கொண்டேன்.