காலி குடோனில் விழுந்த அடி

எங்கள் மெட்டல் இசை பேண்டின் முதல் இரண்டு வருடச் சத்தத்துக்குக் கொத்தமல்லி மூட்டைகள்தான் காரணம். விருதுநகரில் என் அத்தாவின் குடோனில் கூரைவரை மல்லியும் மிளகாய் வத்தலும் அடுக்கியிருக்கும். நடுவில் கிடக்கும் சந்தில் நாங்கள் மூன்று பேர். நான் கிட்டார் வாசித்துக்கொண்டே கத்துவேன். சிவகாசியில் ஆப்செட் அச்சு மிஷின் ஓட்டுகிறவன் பேஸ் கிட்டார் வாசித்தான். டிரம்ஸ்காரனுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. புது ரக வெடிகளைப் பொட்டலில் வெடித்துப் பார்த்து, சத்தம் சரியா என்று அவன் சொல்ல வேண்டும். ஞாயிறு அவர்களுக்கு லீவு, அதனால் அன்று மதியம்தான் பயிற்சி.

மூட்டைகள் சத்தத்தை விழுங்கிவிடும். அடித்த அடி அங்கேயே அடங்கிவிடும். அந்தத் தைரியத்தில் கண்மண் தெரியாத வேகத்தில் வாசித்தோம். எந்தப் பாட்டும் இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. வத்தல் நெடியில் இருமி இருமிக் கத்தித்தான் என் குரலுக்கு அந்தக் கரகரப்பு வந்தது.

பிறகு அத்தா ஒரே வாரத்தில் மொத்தச் சரக்கையும் விற்றுவிட்டார். அடுத்த ஞாயிறு, காலி குடோனில் முதல் அடி விழுந்ததுமே மூவரும் நிறுத்திவிட்டோம். சத்தம் பின்சுவர்வரை போய்த் திரும்பி வந்தது. வேகமாக வாசித்தால் ஒன்றோடொன்று மோதிக் குழம்பியது. மெதுவாக்கினோம். டிரம்ஸ்காரன் வாராவாரம் இன்னும் மெதுவாக்கினான். ஒருநாள் பாட்டின் நடுவில் நாலு எண்ணிக்கைக்குக் குச்சியைத் தூக்கியபடியே உட்கார்ந்துவிட்டான்.

"ஏலே, மறந்துட்டியா?" என்றேன்.

"இல்ல மாப்ள. அங்கன ஒரு அடி விழுது. அதுக்கு எடம் விடுறேன்."

எதிரொலி என்று சொல்லிச் சிரித்தேன். போனில் பதிவு செய்து கேட்டோம். எங்கள் கடைசி அடி தேய்ந்து மறைந்தது. மூன்றாவது எண்ணில், மூடிய கதவை உள்ளங்கையால் ஒருமுறை தட்டியது போல ஒன்று கேட்டது. பேஸ்காரன் போனைப் பிடுங்கித் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான்.

"வெயில்ல கூரைத் தகரம் விரியுதுலே" என்றான்.

அடுத்த ஞாயிறு மழை பெய்தது. அன்றும் அது விழுந்தது.

அந்த நாட்களில்தான் இன்னொன்றைக் கவனித்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டால் டிரம்ஸ்காரன் திரும்புவதில்லை. மதுரைக்குக் கூட்டிப் போனோம். ஒரு காது முழுக்கப் போய்விட்டது, மற்றதில் பாதிதான் என்றார் டாக்டர். அவனுக்கு ஏதாவது சத்தம் தானாகக் கேட்குமா என்று கேட்டேன்.

"விசில் மாதிரி இரையலாம். அடி விழுற மாதிரியெல்லாம் கேக்காது" என்றார்.

அவன் கம்பெனியில் பேக்கிங் பக்கம் மாறிக்கொண்டான். டிரம்ஸை விடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, தரையின் அதிர்வைக் காலில் வாங்கி வாசித்தான். பாட்டுகள் பத்து நிமிடம் நீண்டன. எங்களுக்கே கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் அவன் விட்ட இடத்தை நாங்கள் நிரப்பவில்லை.

மதுரையில் ஒரு சிறிய அரங்கத்தில் மாலை நிகழ்ச்சி. சுவரெல்லாம் தடித்த திரை, எதிரொலிக்கு வழியே இல்லை. பாட்டில் அந்த இடம் வந்தது. அவன் குச்சியைத் தூக்கினான். மூன்றாவது எண்ணில் முன்வரிசை மொத்தமும் திரும்பி அரங்கின் பின்கதவைப் பார்த்தது. அங்கே யாரும் இல்லை.

முடிந்ததும் கல்லூரிப் பெண் ஒருத்தி வந்தாள். "அண்ணே, நடுவுல ஒரே ஒரு அடி மட்டும் கேட்டுச்சே, அது ரெக்கார்டிங்கா?"

"ஆமாம்மா" என்று சொல்லிவிட்டேன்.

வேனில் ஊர் திரும்பும்போது டிரம்ஸ்காரன் என் வாயைப் பார்க்க வசதியாக எதிரே உட்கார்ந்தான்.

"அந்தப் பிள்ள எத்தன அடி கேட்டுச்சாம்?"

ஒரு விரலைக் காட்டினேன்.

"அதுக்கு ஒண்ணுதான் கேட்டிருக்கு" என்றான்.

பேஸ்காரன் என்னைப் பார்த்தான். அவனுக்கு எத்தனை கேட்டது என்று விருதுநகர் வரும்வரை இருவரும் கேட்கவில்லை.