கப்பல் குளியலறையில் சிக்கிக்கொண்டேன்

சாலவாக்கத்தில் விவசாயம் பார்க்கும் நானும் என் கணவரும் போன வருடம் சென்னையிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் ஏறினோம். இருவருக்கும் அதுதான் முதல் கப்பல் பயணம். எங்களுக்குக் கிடைத்தது ஜன்னலே இல்லாத சின்ன அறை.

"நான் மேல போயி வேடிக்க பாத்துக்கினு இருக்கேன், நீ மெதுவா வா" என்று அவர் கிளம்பினார். செல்போனைக் கட்டிலில் போட்டுவிட்டு, முகம் கழுவக் குளியலறைக்குள் போய்த் தாழிட்டேன். கழுவி முடித்துத் திருப்பினால் தாழ் அசையவே இல்லை. தட்டினேன், கத்தினேன். யாரும் வரவில்லை.

அப்போது கப்பலின் அபாயச் சங்கு விட்டுவிட்டு அலறியது. ஒலிபெருக்கியில் இங்கிலீஷில் ஏதோ சொன்னார்கள். எனக்குப் புரிந்தது 'எமர்ஜென்சி' மட்டும்தான். கப்பல் முழுகுகிறது என்றே நினைத்துவிட்டேன். ஏரியில் நீந்தி வளர்ந்தவள்தான் நான். ஆனால் கதவைத் தாண்டினால்தானே நீந்த முடியும்? பிள்ளைகளை நினைத்து அழுதபடி கதவை இடித்தேன்.

திடீரென்று கதவு திறந்தது. கப்பல் பணியாளர் ஒருவர் வெளிப்பக்கத்திலிருந்து நாணயத்தால் தாழைத் திருப்பியிருந்தார். பின்னால் என் கணவர்.

"கப்பலு முழுகுதுங்க, ஓடலாம் வாங்க!" என்றேன்.

"இன்னாடி சொல்ற? கப்பலு இன்னும் கெளம்பவே இல்ல. ஆபத்து வந்தா எப்டி தப்பிக்கறதுன்னு எல்லாருக்கும் காட்டுற ஒத்திகை இது. எல்லாரும் மேல வந்துட்டாங்க, ஒன்ன மட்டும் காணோம்னு தேடிக்கினு வந்தோம்" என்றார்.

இப்போதெல்லாம் புது இடத்தில் குளியலறைக்குப் போனால் அவரை வெளியே நிறுத்தி, தாழைப் போட்டுத் திறந்து பார்த்த பிறகே கதவைச் சாத்துகிறேன். செல்போனும் என்னோடு உள்ளே வரும். கல்யாண மண்டபமானாலும் அவர் முனகாமல் நிற்கிறார்.

- ஒரு வாசகி, சாலவாக்கம்