மாம்பூ நேரத்து மருந்து

என் அப்பாவுக்குக் காது கேட்காது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் முப்பது வருடத்துக்கு மேல் மெஷின்களுக்கு நடுவே நின்று வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று வீட்டுக்கு வரும்போது பக்கத்தில் நின்று கத்தினால்தான் கேட்கும் என்கிற நிலைக்கு வந்திருந்தார். அதனால் நான் கொல்லையில் வைத்திருந்த தேனீப் பெட்டிகளின் இரைச்சலை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. காபியைக் குடித்து முடித்ததும் கொல்லைக்குப் போய், பெட்டிகளின் மூடிமேல் ஒவ்வொன்றாக உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். உள்ளே இருக்கிற ஈக்களின் அதிர்வு கைக்குத் தெரியும். "நாலும் ஓடுது" என்று சொல்லிவிட்டு வந்து உட்காருவார். மில்லில் மெஷினைத் தொட்டுப் பார்த்த பழக்கம்.

நான் கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் லேப் டெக்னீஷியன். ஐந்தாறு வருடத்துக்கு முன்பு அங்கே மாணவர்களுக்குத் தேனீ வளர்ப்புப் பயிற்சி ஒன்று நடந்தது. மைக் வேலை செய்யவில்லை என்று சரிபார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். சரிசெய்துவிட்டு அங்கேயே பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் முடியும்போது மாணவர்கள் பாதிப்பேர் போய்விட்டார்கள். நான் போகவில்லை. அடுத்த மாதமே இரண்டு பெட்டி வாங்கினேன். பிறகு அது நாலானது.

எனக்கு நாற்பத்தைந்து வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்படி இருக்கிற ஒருத்தி எதைச் செய்தாலும் ஊர் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்துவிடும். நாய் வளர்த்தால் துணைக்கு, செடி வளர்த்தால் பொழுது போகாமல். தேனீ வளர்த்தபோது யாருக்கும் சரியான காரணம் கிடைக்கவில்லை. திருப்பூரில் இருக்கிற என் அண்ணன் மட்டும், "உனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு" என்று போனில் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்ததும் நான் புடவையை மாற்றிக்கொண்டு பெட்டிகளைத் திறப்பேன். தேங்காய் நாரைக் கொளுத்தி லேசாகப் புகை காட்டி, அடை கட்டிய சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி ராணியைத் தேடுவேன். வாரம் முழுவதும் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் காத்திருப்பேன்.

எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாந்தோப்பு. தோப்பின் சொந்தக்காரர் வெளியூரில் இருக்கிறார். பூக்கிற காலத்திலேயே தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடுவார். குத்தகை எடுத்தவர் சேத்தூர்க்காரர், மாம்பழ வியாபாரி. தை பிறந்ததும் மோட்டார் சைக்கிளில் வந்து மரம் மரமாக அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார். மாசியில் தோப்பு முழுக்கப் பூத்திருக்கும்போது என் ஈக்கள் விடிந்ததிலிருந்து சுவரைத் தாண்டிப் போவதும் வருவதுமாக இருக்கும். பெட்டிகளில் கூட்டம் பெருகிப் பலமாகிற காலம் அது. முருங்கையும் அப்போதுதான் பூக்கும்.

போன வருடம், மாசி மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் கல்லூரி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தேன். அப்பா கேட்டிலேயே நின்றிருந்தார்.

"ஏட்டி, பெட்டி ரெண்டு சும்மா கெடக்கு" என்றார். "கைய வச்சா ஒண்ணுமே தெரியல."

பையை வைக்காமலே கொல்லைக்கு ஓடினேன். பெட்டிகளுக்கு முன்னால் தரை கறுத்துக் கிடந்தது. செத்த ஈக்கள். பாதி இன்னும் சாகவில்லை. மல்லாந்து கிடந்து சுற்றிச் சுற்றி வந்தன. நாக்கு வெளியே நீண்டிருந்தது. மூடியைத் திறந்தேன். இரண்டு பெட்டியில் அடைமேல் கைப்பிடி அளவு ஈக்கள்தான் மிச்சம். மற்ற இரண்டும் உயிரோடு இருந்தாலும் வாசலில் காவல் ஈக்கள்கூட இல்லை. அப்பா என் பக்கத்தில் குனிந்து, ஒரு ஈயை விரல் நுனியில் ஏற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மருந்துட்டி" என்றார். "காலையில தோப்புல ஓஸ் பைப்பைப் புடிச்சு அடிச்சாங்க. நான் சொவருக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தேன். இப்படி ஆகும்னு தெரியல."

மறுநாள் கல்லூரிக்குப் போகும் முன்பு தோப்பு வேலியோரம் தேடினேன். காலி மருந்து பாட்டில் ஒன்று கிடந்தது. அதில் ஒட்டியிருந்த தாளில் எழுத்து எறும்பைவிடச் சின்னது. போன் கேமராவில் பெரிதாக்கிப் படித்தேன். தேனீக்களுக்கு ஆபத்தானது, தேனீக்கள் நடமாடும் நேரத்தில் தெளிக்கக் கூடாது என்று அந்தத் தாளிலேயே போட்டிருந்தது. அதுவரை அழுகையாக இருந்தது, அதைப் படித்த பிறகு கோபமாகிவிட்டது.

அந்த இரண்டு பெட்டியும் மூன்றே நாளில் முடிந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை சேத்தூர்க்காரர் தோப்புக்கு வந்தபோது பாட்டிலையும், ஒரு முறம் நிறைய செத்த ஈக்களையும் எடுத்துக்கொண்டு போனேன்.

"அண்ணாச்சி, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சிருக்கீங்களா?"

அவர் பாட்டிலையும் பார்க்கவில்லை, முறத்தையும் பார்க்கவில்லை. "ஈக்குப் பாத்தா நான் யாவாரம் பாக்க முடியுமாம்மா? பூவுல பூச்சி உக்காந்திருச்சுன்னா காய் நிக்காது. ஒங்க பெட்டிய எங்கிட்டாவது தள்ளி வச்சுக்கோங்க."

"ஒங்க பூவுல காய் புடிக்கிறதே இந்த ஈயாலதான். நான் அடிக்காதீங்கன்னு சொல்லல. சாயங்காலம் ஈ பெட்டிக்குத் திரும்புன பொறவு அடிங்க. மொத நாள் எனக்கு ஒரு போன் போடுங்க. நான் வாசல அடைச்சு வச்சிக்கிடுவேன்."

"அடிக்கிறவன் எப்ப வாரானோ அப்பத்தான் அடிக்க முடியும். ஒவ்வொரு வீட்டுக்கும் போனு போட்டுக்கிட்டு இருந்தா வெளங்கிரும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அன்று மத்தியானம் அண்ணன் போன் செய்தான். தெருவில் யாரோ சொல்லியிருப்பார்கள் போல. "மிச்சம் இருக்கிற பெட்டிய யாருக்காவது குடுத்துரு. தோப்புக்காரன்கிட்ட சண்டை போட்டு ஒரு பொம்பள எப்படிம்மா அந்தத் தெருவுல இருக்க முடியும்?" என்றான். அவன் நல்லவன்தான். ஆனால் எதையாவது விட்டுக்கொடுக்கச் சொல்லும்போது மட்டும் என்னை "அம்மா" போட்டுக் கூப்பிடுவான். படிப்பை நிறுத்தச் சொன்னபோதும் அப்படித்தான் கூப்பிட்டான். நான் நிறுத்தவில்லை. இதற்கும் முடியாது என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

அடுத்த மருந்து எப்போது என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவை அடித்தால் பத்துப் பதினைந்து நாளில் மறுபடி அடிப்பார்கள் என்று மட்டும் தெரியும். அந்த நாட்களை ஒட்டி விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் காலை எட்டு மணி இருக்கும், லோடு ஆட்டோ ஒன்று தோப்புக்குள் நுழைந்தது. பின்னால் நீல டிரம்மும் மோட்டாரும் இருந்தன. ஈக்கள் அப்போதுதான் கூட்டமாகப் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தன. வெளியே போனவற்றைத் திரும்பக் கூப்பிட்டு அடைத்து வைக்க வழி கிடையாது.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு தோப்புக்குள் போனேன். அடுத்தவர் தோப்பு அது. எனக்கு அங்கே எந்த உரிமையும் கிடையாது. அது தெரிந்துதான் போனேன். முதல் மரத்தடியில் போய் நின்றேன்.

மருந்தடிக்க வந்தவர் என் வயதுக்காரர். லுங்கியை மடித்துக் கட்டி, முகத்தில் ஒரு துண்டைச் சுற்றியிருந்தார். கையுறை கிடையாது. ஓஸைப் பிரித்துக்கொண்டே, "தள்ளிப் போங்கக்கா, மேல படும்" என்றார்.

"படட்டும். நான் நகர மாட்டேன்."

"என்னக்கா இது."

"இந்த மருந்து தாள்ல காலையில அடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. அடிக்கணும்னா எம்மேல அடிச்சிட்டு அடிங்க."

அவர் ஓஸைக் கீழே போட்டுவிட்டு ஆட்டோவின் படியில் உட்கார்ந்தார். "எனக்கும் இந்த மருந்து ஆகலக்கா. அடிச்ச அன்னைக்குக் கண்ணு ரெண்டும் எரிஞ்சுக்கிட்டே கெடக்கும்" என்றார். "அண்ணாச்சிக்குப் போன் போடுதேன். அவியளே வந்து பேசட்டும்."

சேத்தூர்க்காரர் வருவதற்குள் அப்பா வந்துவிட்டார். நான் தோப்பில் நிற்பதைச் சுவருக்கு மேலாகப் பார்த்திருக்கிறார். கம்பை ஊன்றிக்கொண்டு மெல்ல நடந்து வந்தவர், கிடந்த வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஏன் வந்தாய், எதற்கு நிற்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு முன் என்றைக்காவது அவர் எனக்காகப் பரிந்து பேசியிருக்கிறாரா என்று கேட்டால் இல்லை. என் படிப்பு விஷயத்தில்கூட வாயைத் திறக்காமல்தான் இருந்தார். அதனால் அவர் வந்து உட்கார்ந்தது எனக்கே நம்ப முடியாததாக இருந்தது.

சேத்தூர்க்காரர் வந்து இறங்கும்போதே கோபத்தில் இருந்தார். "என்னம்மா, அத்துமீறி உள்ள வந்து வேலைய நிறுத்துதீய? ஒரு ஈ செத்தா எனக்கென்ன?"

அப்பா என் முழங்கையைத் தட்டினார். "என்ன சொல்லுதாரு?"

அப்பாவுக்குச் சொல்வதென்றால் கத்தித்தான் சொல்ல வேண்டும். நான் அவர் காதருகே குனிந்து சத்தமாகச் சொன்னேன். "ஈ செத்தா எனக்கென்னன்னு கேக்காருப்பா."

தோப்பின் தெருப் பக்கச் சுவருக்கு வெளியே குழாயில் தண்ணீர் பிடிக்கிற நேரம். நாலைந்து பெண்கள் வரிசையில் நின்றார்கள். குடத்தை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"நான் காசு போட்டுக் குத்தகை எடுத்திருக்கேன். எப்ப அடிக்கணும்னு ஒங்ககிட்டக் கேக்கணுமா?" என்றார் அவர்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"குத்தகை எடுத்திருக்காராம்ப்பா. மருந்து தாள்ல என்ன போட்டிருந்தாலும் இஷ்டத்துக்குத்தான் அடிப்பாராம்."

"நான் அப்படிச் சொல்லல" என்றார் சேத்தூர்க்காரர், குரலைத் தாழ்த்தி.

"அப்படிச் சொல்லலையாம்ப்பா" என்று அதையும் கத்தினேன். வேண்டுமென்றே ஆரம்பித்த காரியமில்லை இது. எங்கள் வீட்டில் எப்போதும் இப்படித்தான் பேசிக்கொள்வோம். ஆனால் நடுவில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் ஒவ்வொரு வார்த்தைக்கும் சுவர்ப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். அங்கே குழாயை யாரும் மூடவில்லை. ஒரு குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, காது கேட்காதவர்கள் பேசுகிற அந்தப் பெரிய குரலில் ஒன்றே ஒன்று கேட்டார். "சாயங்காலம் அடிச்சா ஒங்களுக்கு என்ன கொறஞ்சு போகும்?"

சேத்தூர்க்காரர் மருந்தடிப்பவரைப் பார்த்தார். அவர், "எனக்குச் சாயங்காலம் வரதுல ஒண்ணுமில்ல அண்ணாச்சி. வெயிலும் இருக்காது" என்றார். சேத்தூர்க்காரர், "சாயங்காலமே வந்து தொலை" என்று அவரிடம் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

அன்று பொழுது சாய்ந்ததும் மிச்சமிருந்த இரண்டு பெட்டிகளின் வாசலையும் கம்பிவலையால் அடைத்தேன். மறுநாள் முழுக்க ஈரச் சாக்கை மேலே போட்டு, காய்ந்தபோதெல்லாம் தண்ணீர் தெளித்தேன். அதற்கு அடுத்த நாள் திறந்துவிட்டபோது ஒரு ஈகூடச் சாகவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அடுத்த மருந்துக்குச் சேத்தூர்க்காரர் போன் செய்தார். "நாளைக்குச் சாயங்காலம்" என்று இரண்டே வார்த்தை. அதற்கு அடுத்ததை, பிஞ்சு விட்ட நேரத்தில், சொல்லாமல் காலையிலேயே வேறொரு ஆளை வைத்து அடித்துவிட்டார். நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். வெளியே போன ஈக்களில் பெரும்பகுதி திரும்பவில்லை. மறுநாள் அவர் வந்தபோது நான் மறுபடியும் முறத்தோடு போய் நின்றேன். இந்த முறை அவர் முறத்தைப் பார்த்தார். "ஆளு கெடைக்கல" என்றார். "எனக்கும்தான் ஈ கெடைக்கல" என்றேன்.

கல்லூரியில் ஒரு பேராசிரியர், "நீங்க ஏன் பெட்டியை மலையடிவாரத்துக்குக் கொண்டுபோகக் கூடாது?" என்று கேட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் அவருக்குத் தெரிந்தவர் நிலம் இருப்பதாகவும் சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால் என் வீட்டுக் கொல்லை எனக்கு இருக்கும்போது நான் ஏன் போக வேண்டும் என்று கேட்டேன். மருந்தின் தாளைப் படிக்காதவர் இருந்த இடத்திலேயே இருக்க, அதைப் படித்த நான் இடம் மாற வேண்டும் என்றால் அது எந்த ஊர் நியாயம்?

பங்குனிக் கடைசியில் வேம்பு பூத்தது. இரண்டு பெட்டியில் ஒன்று எப்படியோ தேறி வந்திருந்தது, மற்றது மெலிந்தாலும் உயிரோடு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்தபோது அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலை ஓடு மாதிரி இரண்டு ராணி அறைகள் தொங்கின. கூட்டம் பெருகிவிட்டது, பிரியப்போகிறது என்று அதற்கு அர்த்தம். அவை பறந்து போகும்வரை காத்திருக்காமல் நானே பிரித்தேன். காலியாகக் கிடந்த பெட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்து, ராணி அறை இருந்த சட்டத்தையும், குஞ்சும் ஈயும் அப்பியிருந்த இரண்டு சட்டங்களையும் அதில் மாற்றினேன். கைகளில் மூன்று கொட்டு. இரண்டு வாரத்தில் புது ராணி முட்டை வைத்திருந்தது. அண்ணனுக்குப் போன் செய்து, "மூணாயிருச்சு" என்றேன். அவன் சிரித்தான். "நீ கேக்கவா போற" என்றான். இந்த முறை "அம்மா" போடவில்லை.

இந்த வருடம் தை மாதமே மோட்டார் சத்தத்துக்காகக் காத்திருக்காமல் நானே சேத்தூருக்கு பஸ் ஏறினேன். மருந்தடிப்பவருக்கும் அதே ஊர்தான், அவர் வீட்டைக் கேட்டுக் கண்டுபிடித்துப் போனேன். அந்த நீல டிரம் வாசலில் நின்றது. அதன்மேல் வெள்ளை பெயின்ட்டால் என் போன் நம்பரை எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் மனைவிதான் பிரஷைக் கழுவிக் கொடுத்தாள். நம்பருக்குக் கீழே, 'முதல் நாளே கூப்பிடவும்' என்று எழுதினேன்.

சேத்தூர்க்காரர் அதைப் பார்த்துவிட்டு, இதென்ன அசிங்கம் என்று திட்டியதாக மருந்தடிப்பவர் பிறகு போனில் சொன்னார். அழிக்கச் சொன்னாரா என்று கேட்டேன். சொன்னாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இது யாரு டிரம்மு அண்ணாச்சின்னேன்" என்றார். "நாளைக்குச் சாயங்காலம் அடிக்கப் போறேன்க்கா. அடைச்சு வச்சுக்கோங்க."