அக்காவின் ஒரு தடவை

மாத்திரைகளைக் காகிதப் பையில் போட்டு, வாயை மடித்து, ஸ்டேப்ளர் பின் அடித்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு அழுத்து அழுத்துகிறார் மருந்துக்கடை அக்கா. உதடு மட்டும் அசைகிறது. "என் வேலை முடிஞ்சுது ஆண்டவரே. இனி உம்ம வேலை." அதன் பிறகுதான் பை கைமாறும். புதிதாக வருகிறவர்கள் கைராசிக்கு ஏதோ செய்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். பழகியவர்கள் பேசாமல் நிற்பார்கள். கடை முதலாளிக்குத்தான் வாய் சும்மா இருக்காது. "அக்கா, நீங்க ஆசீர்வாதம் பண்ணி முடிக்கிறதுக்குள்ள காய்ச்சல் தானா இறங்கிடும்" என்பார். அக்கா சிரிப்பார். ஆனால் கையை எடுக்க மாட்டார்.

சிரிக்கப் பழகியதே சமீபத்தில்தான். ஒரு காலத்தில் அக்கா கொடுத்த மருந்தெல்லாம் அக்காவின் பின்னாலேயே வீட்டுக்கு வந்தது. மாற்றிக் கொடுத்துவிட்டோமோ, அளவைத் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கையைப் பிசைவார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து, தன்னிடம் இருந்த சாவியோடு போய்க் கடையைத் திறந்து அலமாரியைப் பார்த்துவிட்டு வருவார். கூடவே கணவரும் போய் வாசலில் கைகட்டி நிற்பார், பாவம். ஒரு முறை பெரியவர் ஒருவரைப் பேருந்து நிறுத்தம் வரைக்கும் துரத்திக்கொண்டு ஓடி, பையைப் பிரித்துக் காட்டச் சொல்லிவிட்டார். கூட்டம் கூடிவிட்டது. மருந்து சரியாகத்தான் இருந்தது. பெரியவர் அதற்குப் பிறகு அந்தக் கடைப் பக்கமே தலைகாட்டவில்லை.

ஜெபமும் அப்போது ஆறுதல் தரவில்லை. மண்டியிட்டு ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுவார். சரியாகச் சொல்லவில்லையோ என்று சந்தேகம் வந்துவிடும், முதலிலிருந்து ஆரம்பிப்பார். சபைப் போதகரிடம் ஒரு நாள் அழுதுகொண்டே சொன்னபோது அவர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. "அம்மா, நீங்க ஜெபிக்கல. ஆண்டவருக்குக் காது கேக்குதான்னு சோதிக்கிறீங்க" என்றார். மனநல மருத்துவர் ஒருவரைப் பார்க்கவும் சொன்னார். போதகர் சொன்னதையும் அந்த மருத்துவர் சொன்னதையும் கலந்து அக்கா தனக்கென்று சில சட்டங்களைப் போட்டுக்கொண்டார்.

பையின் மேல் கை வைத்த பிறகு அதைத் திறப்பதில்லை. ஒரு கவலையை ஒரு நாளில் ஒரு தடவைக்கு மேல் ஜெபத்தில் எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கடை இருக்கும் தெருவழியே போவதில்லை. சுற்றுவழி கால் வலிக்கிறது என்று கணவர் முணுமுணுப்பார், ஆனாலும் வருவார். கணவரின் மூத்த சகோதரிக்குத்தான் இதெல்லாம் பிடிக்கவில்லை. கிருபையில் வாழ்கிறவர்களுக்கு எதற்கு இத்தனை சட்டம் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். "கிருபை வீட்டுக்குள்ளதான் இருக்கு அண்ணி. ஆனா என் வீட்டுக் கதவு காத்துக்கே திறந்துக்குதே, ஒரு தாழ்ப்பாளாவது வேணாமா?" என்று அக்கா பதில் சொன்னாராம்.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று இருக்கிறது. நிஜமாகவே தப்பு நடந்திருந்தால் என்ன செய்வது? அதற்கு அக்கா கண்டுபிடித்தது இது: "பயத்துக்கு விலாசம் கிடையாது. ஒருவேளை, ஒருவேளைன்னு சும்மா சுத்தி வரும். மனசாட்சி அப்படி இல்ல. எந்த மருந்து, யாருக்குன்னு நேரா சொல்லும்." விலாசத்தோடு வந்தால் விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் ஒரே தடவை. வருகிற பதிலை நம்பிவிட வேண்டும்.

சென்ற வாரம் ஒரு மதியம், அது விலாசத்தோடு வந்தது.

வழக்கமாக வரும் இளம் தாய், கைக்குழந்தையின் வலிப்பு மருந்தை வாங்கிக்கொண்டு போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அந்த மருந்து இரண்டு வீரியத்தில் வரும். பெட்டி ஒன்றுபோலவே இருக்கும், எண் மட்டும்தான் வேறு. குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது, முதலாளி யாரிடமோ தொலைபேசியில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அலமாரியைத் துடைக்கத் திரும்பிய அக்கா, பெரியவர்களுக்கான பெட்டி வரிசையில் முன்னால் ஒரு இடம் காலியாக இருப்பதைப் பார்த்தார். எண்ணை வாய்விட்டு வாசித்துத்தான் கொடுப்பார். இன்றைக்கு வாசித்தாரா? நினைவில்லை. முதலாளியைக் கேட்டார். "காலையில நான்தான் ஒண்ணு எடுத்தேனோ என்னமோ" என்றார் அவர். அந்த 'என்னமோ' அக்காவை உட்காரவிடவில்லை.

கடைக் கைபேசியில் அந்தப் பெண்ணின் எண்ணைத் தேடி அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். இரண்டாவது தடவை அழைப்பது சட்டமீறலா, கேள்வியே இன்னும் கேட்கவில்லையே என்றெல்லாம் அந்த நேரத்திலும் மனசு வழக்காடியது. கடைசியில் எடுத்தாள். இப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்ததாகவும், மருந்து இன்னும் கொடுக்கவில்லை என்றும் சொன்னாள். அக்கா மருந்தின் எண்ணைத் தன் வாயால் சொல்லவில்லை. சொன்னால் அவளும் ஆமாம் என்று அதையே சொல்லிவிடக்கூடும்.

"பெட்டிய விட்டுடுங்க. புட்டிய கையில எடுத்து, அதுல என்ன எண் இருக்குன்னு நீங்களே வாசிங்கம்மா."

காகிதம் கிழிகிற சத்தம். குழந்தையின் சிணுங்கல். பிறகு அவள் நிதானமாக வாசித்தாள். சரியான எண்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அப்படியே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்துவிட்டது. ஒருவேளை அவள் மருத்துவர் சீட்டைப் பார்த்து வாசித்திருந்தால்? ஒருவேளை கண்ணாடி போடாமல் வாசித்திருந்தால்? அவள் கண்ணாடி போடுகிறவளே அல்ல என்பது அக்காவுக்குத் தெரியும். தெரிந்தும் 'சரி' என்று சொல்ல வாய் வரவில்லை.

"என்னக்கா, குரலே காணோம்? வேணும்னா இன்னொரு தடவை வாசிக்கட்டுமா?"

கேட்காமலேயே கிடைத்தது. அக்கா கேட்டிருந்தால்தானே குற்றம், அவளாகத்தானே தருகிறாள்? வாசிக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் இரண்டாவது தடவைக்குப் பிறகு பயம் மூன்றாவது கேட்கும், மூன்றாவதற்குப் பிறகு அவள் வீட்டு வாசலில் போய் நிற்கச் சொல்லும் என்பது அக்காவுக்கு அத்துப்படி.

"வேண்டாம்மா. ஒரு தடவை போதும்" என்றார். "குழந்தைக்குக் குடுங்க."

அழைப்பு முடிந்தது. கட்டைவிரல் தானாக அதே எண்ணின் மேல் போய் நின்றது. அக்கா நேராக முதலாளியின் மேசைக்குப் போய், கடை மூடும் வரைக்கும் இது உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கட்டும் என்று கைபேசியை இரண்டு கையாலும் நீட்டினார். முதலாளி அக்காவின் முகத்தைப் பார்த்தார், வாயைத் திறக்காமல் கை நீட்டி வாங்கினார். அவர் பிடித்துக்கொண்ட பிறகும் அக்காவின் விரல்கள் உடனே விடவில்லை. ஒவ்வொன்றாகத்தான் வந்தன.