சீர் வண்டிக்கு நாலு விரல் ஜாஸ்தி

கடலை மண்டியில் எனக்கு எடை போடுகிற வேலை. மூட்டையைத் தராசில் ஏற்றும் முன்பே, கண்ணால் பார்த்து எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவேன். ஒன்றிரண்டு கிலோ முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். அப்படிப்பட்டவன் அளவு விஷயத்திலேயே கோட்டை விட்டேன் என்றால் யார் நம்புவார்கள்? என் மனைவி நம்புவாள். பக்கத்தில் நின்று பார்த்தவள்.

எழுபதுகளின் கடைசி அது. மண்டிக்குப் பின்னால் எருக்கஞ்செடிகளுக்கு நடுவே ஒரு பழைய பிக்கப் வண்டி கிடந்தது. முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். பின்னால் திறந்த தொட்டி. நான்கு டயரும் தரையோடு ஒட்டிப்போயிருந்தன. தொட்டியில் ஒரு வெள்ளாடு வருஷா வருஷம் குட்டி போட்டுக்கொண்டிருந்தது. "இடத்தை அடைச்சிக்கிட்டு நிக்குது. ஆசையா இருந்தா இழுத்துக்கினு போய்யா" என்றார் முதலாளி. விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ, மறுநாளே இரண்டு ஜோடி மாடுகளோடு போய் நின்றேன்.

மாடுகள் இழுக்க, நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருக்க, தெருவுக்குள் வந்தோம். எதிர்வீட்டில் இட்லிக் கடை போட்டிருக்கும் அக்கா கரண்டியோடு வெளியே வந்தார்.

"தம்பி, மாடு ஜோரா இருக்கு. பின்னால இன்னாத்துக்கு அந்தத் தகரம்?"

அந்த அக்காவுக்கு வாயைத் திறந்தால் இப்படித்தான் வரும். நான் சிரித்து வைத்தேன். என் கவலையெல்லாம் வாசலில் இடுப்பில் கை வைத்து நின்ற என் மனைவியைப் பற்றி. வண்டியை நிறுத்த வீட்டின் வடகிழக்குப் பக்கம் மட்டும்தான் இடம். அங்கே அவளுடைய அவரைப் பந்தல் காய்த்துத் தொங்கியது.

அவள் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"இது ஓடுமாங்க?"

"ஓட வெச்சிடுவேன்."

"அப்போ என் தங்கச்சி கல்யாணத்துக்குச் சீர் இதுலதான் போகணும். சரின்னு சொல்லுங்க, பந்தலைப் பிரிச்சிடறேன்."

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் கல்யாணத்தில் அவள் வீட்டுச் சீர் ஏற்றி வந்த மாட்டுவண்டி வழியில் அச்சு முறிந்துவிட்டது. பந்தி முடிந்து எச்சில் இலை எடுக்கும் நேரத்துக்குத்தான் சாமான்கள் வந்து சேர்ந்தன. என் அத்தை பந்தல் முழுக்கக் கேட்கும்படி, "சீரு வர்றதுக்குள்ள பொண்ணுக்குத் தலை நரைச்சிடும்போல" என்றாள். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போன பிறகும் அந்த வார்த்தை அவளுக்குள் அப்படியே கிடந்தது.

தங்கைக்குக் கல்யாணம் வைகாசியில், கீழ்பென்னாத்தூரில் மாப்பிள்ளை வீட்டில். நிச்சயத்தன்று அந்த வீட்டுப் பெண்களிடம், "எங்க சீரு எங்க சொந்த வண்டியிலயே முகூர்த்தத்துக்கு முன்னாடி வந்து நிக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அந்தத் துருப்பிடித்த தொட்டியில் அவளுடைய மானமும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

முதலில் ஷெட். பக்கச் சுவர் செங்கல், மேலே உயரமான ஓலைக் கூரை, முன்பக்கம் இரண்டு கல்தூண், அவற்றின் மேல் ஒரு கல் உத்தரம். கட்ட வந்த மேஸ்திரி வாசல் உயரத்தைப் பற்றி ஒரே பிடியாக நின்றார். "ஈசானிய மூலைங்க. வீட்டு நிலைப்படிக்கு மேல ஒசரம் போவக் கூடாது. போனா வூட்டுக்காரருக்கு ஆகாது." எனக்கு ஆகாது என்றதும் என் மனைவி அவர் பக்கம் சேர்ந்துவிட்டாள். ஒரு குச்சியை எடுத்து வண்டியை அளந்தேன். அவர் சொன்ன உயரத்துக்கு ஒரு முழம் மிச்சம் இருந்தது. சரி என்று விட்டுவிட்டேன்.

மெக்கானிக் வேலை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. மண்டிக்கு வரும் லாரி டிரைவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். ஒருவர் சொன்னார்: "இஞ்சினு சும்மா கத்தாதுங்க, எங்க வலிக்குதோ அதைத்தான் சொல்லும்." அதிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டேன். ஸ்பேனர்களைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். ஒவ்வொன்றையும் சுற்றி என் மனைவி கரியால் கோடு இழுத்துவிட்டாள், எது காணவில்லை என்று பார்த்ததும் தெரிவதற்கு. கொஞ்ச நாளில் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு நான் கையை நீட்டினால் போதும், எண் சொல்லாமலே சரியான ஸ்பேனர் கைக்கு வந்தது.

தகர வேலைக்கு என் சிநேகிதர், கடைத்தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த பாய். அவர் சுத்தியலால் வண்டியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "துரு ஜாஸ்தி, இரும்பு கம்மி. ஆனா இருக்கிற இரும்பு நல்ல இரும்பு நைனா" என்றார். மனிதர்களைப் பற்றியும் அவர் இப்படித்தான் பேசுவார். தொட்டிக்குமேல் தார்ப்பாய் கட்ட, வில் மாதிரி வளைத்த மூன்று இரும்பு வளையங்களை அவரே பற்றவைத்துத் தந்தார். "அண்ணி வூட்டுச் சீர் வெயில்ல காயக் கூடாது" என்றார். வளையம் உத்தரத்தில் இடிக்காமல் நான்கு விரல் தாழ்வாக இருக்கும்படி, கயிறு பிடித்து அளந்துதான் செய்தார்.

அவர் அளந்தபோது வண்டி செத்த டயரில், சப்பையாகிப்போன ஸ்பிரிங் பட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகுதான் நான் சக்கரங்களைக் கழற்றி, வண்டியைக் கல்லில் ஏற்றி, புதுப் பட்டைகள் போட்டேன். புது டயர் கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் வந்தது. முதல் ஓட்டம் சீரோடுதான் என்று மனைவி சொல்லியிருந்ததால், வண்டியை வெளியே எடுத்துப் பார்க்கவே இல்லை. பாயும் சரியாக அளந்தார், நானும் சரியாக அளந்தேன். இரண்டு பேரும் அளந்தது பழைய வண்டியை.

கல்யாணத்தன்று விடிந்ததும் பொட்டு வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டி, இஞ்சினைக் கிளப்பினேன். முதல் முறுக்கிலேயே பிடித்துக்கொண்டது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. முன்பக்கம் உத்தரத்தைத் தாண்டியது. அடுத்து 'டங்'.

வளையம் கல்லில் முட்டி நின்றது. பாய் ஏறி விரலை வைத்துப் பார்த்தார். "நாலு விரல் ஜாஸ்தி, நைனா."

டயரில் காற்றை இறக்கினோம். ஒரு விரல் கிடைத்தது. "இதுக்கு மேல இறக்கினா ட்யூப் கிழிஞ்சிடும்" என்றார் பாய். டயருக்கடியில் வைக்க எலுமிச்சம்பழத்தோடு வந்த மேஸ்திரியைப் பார்த்து, "அதை வேற வெச்சி இன்னும் தூக்கணுமா? வாசலை இப்படிக் குட்டையா வெச்ச மகராசன் நீதானே?" என்று பாய்ந்தார். மேஸ்திரி எலுமிச்சம்பழத்தை மடியில் செருகிக்கொண்டார்.

"ரம்பம் எடுத்தாரேன். வளையத்தை அறுத்துடலாம்" என்றார் பாய். அவர் கையால் செய்ததை அவரே அறுக்கிறேன் என்றது எனக்குச் சங்கடமாக இருந்தது. என் மனைவி குறுக்கே வந்து நின்றாள். "மாலை போட்ட வண்டிங்க. நல்ல நாளும் அதுவுமா இரும்பை அறுக்காதீங்க." பட்டுப்புடவை, தலை நிறைய பூ, கையில் தாம்பூலத் தட்டு. இன்னும் இரண்டு மணி நேரத்தில் முகூர்த்தம். தொட்டி காலியாக இருந்தது. சீர் சாமான்களெல்லாம் வீட்டுக்குள். வண்டி வெளியே வந்ததும் வாசலில் வைத்து ஏற்றலாம் என்று இருந்தோம்.

அப்போதுதான் என் மண்டைக்கு உறைத்தது. தினமும் பார்க்கிற காட்சி. மூட்டை ஏற ஏற லாரி கீழே இறங்குகிறது.

"உள்ளேயே ஏத்துங்க!" என்று கத்தினேன்.

பீரோவைப் படுக்க வைத்து ஏற்றினோம். கட்டில், அண்டா, குத்துவிளக்கு, பாத்திர மூட்டை. வளையம் ஒன்றரை விரல் இறங்கியது. வேடிக்கை பார்த்த தெருக்காரர்களைத் திரும்பிப் பார்த்தேன். எடைக்காரன் பார்வை அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

"இன்னா தம்பி, மூட்டையைப் பாக்கிற மாதிரி பாக்கிற?" என்றார் இட்லிக்கார அக்கா.

"ஏறுக்கா. நீ ஏறினா ஒரு விரல் இறங்கிடும்."

"எத்தனை கிலோன்னு மட்டும் வாயைத் தொறந்து சொல்லிடாத, சொன்னா இறங்கிடுவேன்" என்றபடி கரண்டியோடு ஏறிக் குனிந்து உட்கார்ந்தார். மேஸ்திரி பாவம் தீர்க்கிறவர் மாதிரி ஏறினார். இன்னும் நான்கு பேர் ஏறினார்கள். பாய் அழுக்கு லுங்கியோடு கடைசி ஓரத்தில் தொற்றிக்கொண்டு விரலை வைத்துப் பார்த்தார்.

"அரை விரல். அரை விரல்தான் இடிக்குது."

முன்சீட்டில் உட்கார வேண்டிய என் மனைவி தட்டை அக்காவிடம் நீட்டிவிட்டு, புடவையை இழுத்துச் செருகி, பின்னால் ஏறிவிட்டாள்.

"இப்போ எடுங்க" என்றாள்.

எடுத்தேன். வளையம் கல்லை உரசி ஒரு கீச்சொலி எழுப்பியது. அவ்வளவுதான். வண்டி தெருவுக்கு வந்துவிட்டது. உள்ளே இருந்தவர்கள் சின்னப் பிள்ளைகள் மாதிரி கூச்சல் போட்டார்கள்.

இறங்கலாம் என்று அக்கா காலைத் தூக்கினார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் இஞ்சின் மறுபடி கிளம்பும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. பம்ப் வைத்திருந்த சைக்கிள் கடை வாசலில் உறுமவிட்டபடியே காற்றடித்துக்கொண்டு, அக்கா சாமான்களைத் தாண்டி இறங்குவதற்குள் கிளம்பிவிட்டேன்.

"அடுப்புல இட்லி வெந்துக்கினு இருக்குடா, பாவி!" என்று அக்கா கத்தியது கீழ்பென்னாத்தூர் சாலை வரைக்கும் கேட்டது. அப்புறம் காற்று வாங்கியதில் அவரே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் மேளம் நின்றது. தார்ப்பாயை விலக்கியதும் பீரோவுக்கும் அண்டாவுக்கும் நடுவிலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள்: அழுக்கு லுங்கி, மாவு ஒட்டிய புடவை, கரண்டி. வரவேற்க வந்த மாப்பிள்ளையின் அத்தை திகைத்து நின்றாள்.

"சீரு சரி. இவங்கள்லாம் யாரும்மா?"

கடைசியாக என் மனைவி இறங்கினாள். பட்டுப்புடவையில் கிரீஸ் ஒரு கோடு போட்டிருந்தது. அதை மறைக்கவில்லை.

"எங்க தெருக்காரங்க. இவங்க இல்லன்னா சீர் வந்திருக்காது" என்றாள். "முகூர்த்தத்துக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கில்ல?"

தாலி கட்டியதும் அவர்களை முதல் பந்தியில் வரிசையாக உட்கார வைத்தாள். பாய்க்கு யாருடைய வேட்டியையோ வாங்கிக் கொடுத்தாள். பரிமாறுகிறவர்களிடம் வாளியை வாங்கி, அவளே குனிந்து குனிந்து போட்டாள். நான் தூண் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா இட்லியை ஒரு விள்ளல் வாயில் வைத்து, கண்ணை மூடி மென்றார்.

"உளுந்து கம்மி" என்றார். "இருந்தாலும் இன்னும் ரெண்டு வை."