எந்தக் கிளாஸ்?

பிளாஸ்டிக் கப்பைத் தடை செய்தபோது மொரப்பூர்ப் பக்கத்தில் என்னளவுக்குச் சந்தோஷப்பட்டவன் இருந்திருக்க மாட்டான். எங்கள் தெருச் சாக்கடையை அடைப்பதே அந்த எழவெடுத்த கப்புதான். மழை பெய்தால் இறங்கி வாரிக் கொட்டுவது நானும் என் மனைவியும். கட்டட வேலைக்குப் போகிற எங்களுக்கு அது கூலியில்லாத இன்னொரு வேலை.

அந்தக் கப்பு வேறொன்றை மூடி வைத்திருந்தது எனக்கு உறைக்கவில்லை. என் அப்பா காலத்தில் டீக்கடையில் எங்கள் சாதிக்கென்று தனி டம்ளர். கப்பு வந்த பிறகு எல்லாருக்கும் ஒன்றுதான். குடித்தோம், எறிந்தோம், சண்டை இல்லை.

தடை வந்த வாரம், வேலைக்குப் போகும் வழியில் இருவரும் வழக்கமான கடையில் நின்றோம். மேசையில் புதுக் கண்ணாடி கிளாஸ்கள். முன்னால் வந்த நாலு பேருக்கும் அதில்தான் டீ. எங்களைப் பார்த்ததும் கடைக்காரர் கை நின்றது.

"நீங்க வூட்ல இருந்து சொம்பு எடுத்தாந்துருங்க. பிளாஸ்டிக்க ஒழிக்கணும்ல?"

"அவங்கெல்லாம் சொம்பா எடுத்தாந்தாங்க?" என்றேன்.

"உனக்குத் தெரியாதா? காலங்காத்தால வம்பு பண்ணாத."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எட்டி ஒரு கிளாஸை எடுத்தேன். கடைக்காரன் என் மணிக்கட்டில் கரண்டியால் ஒரு போடு போட்டான். அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அந்த நாலு பேரும் என்மேல் விழுந்தார்கள். குத்து, உதை. உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். ஒருத்தன் முதுகில் ஏறி முழங்காலால் அமுக்கினான். செத்தேன் என்றே நினைத்தேன்.

"எல்லாரும் இங்க பாருங்க!"

என் மனைவியின் குரல். முதுகிலிருந்த கால் தளர்ந்தது. அவளே ஒரு கிளாஸில் டீயை ஊற்றி, வாய் வைத்து, கொதிக்கக் கொதிக்கக் குடித்து முடித்தாள். பிறகு அதை வாளித் தண்ணீரில், ஊறிக் கிடந்த கிளாஸ்களோடு போட்டு ஒரு கலக்குக் கலக்கினாள்.

"நான் குடிச்ச கிளாஸ் எதுன்னு எடுங்க பாக்கலாம்."

கடைக்காரன் வாளியையே வெறித்தான். பிறகு அதைத் தூக்கி ரோட்டில் கவிழ்த்தான். மேசையில் இருந்ததையும் விடவில்லை. ஒவ்வொன்றாகத் தரையில் அடித்தான். சில்லு தெறித்து அவன் காலிலேயே ரத்தம் வந்தது. நிறுத்தவில்லை.

எனக்கு உதட்டில் நாலு தையல். மூன்றாம் நாள் கடை திறந்தது. அபராதம் போட்டாலும் போடட்டும் என்று பழையபடி பிளாஸ்டிக் கப்பையே அடுக்கியிருந்தான். அவன் சாதிக்காரர்களும் அதில்தான் குடித்தார்கள்.