காதர் பாய் ஜீப்பின் பேட்டரி

காதர் பாய் போய்ட்டார்.

காலையில் அவர் மகள் வாணியம்பாடியிலிருந்து போன் பண்ணாங்க. நேத்து சாயந்திரமே அடக்கம் முடிஞ்சுதாம்... முகத்தைக்கூடப் பார்க்க முடியலை.

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் எங்க மிஷன் ஜீப் டிரைவர் அவர். நான் பால்வாடி டீச்சர். எங்கம்மா சலேத்மேரி மிஷன் ஹாஸ்டல்ல சமையல்.

மலையில் எங்களுக்கு அப்போ மாதா கோயில் கிடையாது. கீழேயிருந்து சாமியார், நாங்க கூப்பிடற மாதிரி சொன்னா சாமி, மாசம் ஒரு தடவை ஜீப்பில் வருவார். பூசைக்கு முன்னாடி பாவசங்கீர்த்தனம், செஞ்ச பாவத்தை ஒவ்வொருத்தரா சாமிகிட்ட சொல்றது... ஸ்கூல் பக்கத்தில் ஒரு ஓலைக் கொட்டாய்தான் அதுக்கு. உள்ளே சாமிக்கு ஒரு நாற்காலி, வெளியே நாங்க லைன்ல.

தட்டிக்கு அந்தப் பக்கம் இருமினா இந்தப் பக்கம் கேட்கும். ஆனா யார் பாவமும் யார் காதிலும் விழுந்ததில்லை. ஏன்னா காதர் பாய் ஜீப்பைக் கொட்டாயை ஒட்டி நிறுத்திட்டு இன்ஜினை ஆஃப் பண்ணவே மாட்டார்.

"பேட்டரி வீக்கு டீச்சர். நிறுத்துனா அப்பால நீங்கதான் வந்து தள்ளணும்" என்பார். நாங்களும் புகையைக் குடிச்சுக்கிட்டே நிற்போம்... அவரைத் திட்டிக்கிட்டே.

எங்கம்மாவுக்குக் காது மந்தம். மெதுவா பேசவே வராது. அடுப்படியில் உப்பு கேட்டாங்கன்னா பால்வாடியில் தூங்கற பிள்ளைங்க எழுந்துக்கும்.

ஆனா பாவசங்கீர்த்தனத்துக்குத் தயார் பண்றதில் அம்மாவை அடிச்சுக்க ஆளில்லை. முதல் நாள் சாயந்திரமே ஒரு மூலையில் உட்கார்ந்து ஆத்தும சோதனை ஆரம்பிச்சிடுவாங்க. பாவத்தை நினைச்சுப் பார்க்கணும், அதுக்காக மனஸ்தாபப்படணும், இனி செய்ய மாட்டேன்னு உறுதி எடுக்கணும், சாமிகிட்ட சொல்லணும், அவர் சொல்ற அபராதம் தீர்க்கணும்... ஞானோபதேச வகுப்பில் படிச்சதை அப்படியே ஒப்பிப்பாங்க.

"கடைசிதான் சுளுவு. ஒரு ஜெபமாலை சொன்னா தீந்துபூடும்" என்பாங்க.

ஒரு வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் ஜீப் ரெண்டு தடவை மலைப்பாதையில் டீசல் இல்லாம நின்னுடுச்சு. ஹாஸ்டல் அடுப்படியில் அந்தப் பேச்சு வந்தப்போ, "பாயி செங்கத்துல டீசல வித்துட்டு வர்றாரு"ன்னு அம்மா போட்டுட்டாங்க. நேர்ல பார்த்த மாதிரியே.

பேச்சு சாமி வரைக்கும் போச்சு. யார் ஆரம்பிச்சதுன்னு மட்டும் அவருக்குத் தெரியாது. ஈஸ்டரோட வேற டிரைவர்னு முடிவாயிடுச்சு. பாய்க்குக் கட்டிக்கொடுக்க வேண்டிய பொண்ணுங்க வீட்டில்... அப்பவும் அவர் "நான் விக்கலை"ன்னு சொன்னதோட சரி. டீசல் எங்கே போகுதுன்னு வாயைத் திறக்கலை.

ஈஸ்டருக்கு முந்தின பாவசங்கீர்த்தனம். எனக்கு முன்னாடி அம்மா உள்ளே போனாங்க. வழக்கத்தைவிட நேரமாச்சு. இன்ஜின் சத்தம் வேற அதிகமா இருந்தது... அம்மா போனாலே அப்படித்தான் இருக்கும்னு அப்போ எனக்கு உறைக்கலை.

உள்ளே சாமி சொன்னதை அம்மா அப்புறம் சொன்னாங்க. "இங்க கேட்டது ரகசியம். அத வெச்சு வெளிய நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா. கேட்டதாவே காட்டிக்க முடியாது. நீங்க கெடுத்த பேர நீங்கதான் சரி பண்ணணும். அதான் உங்களுக்கு அபராதம்."

வெளியே வந்தவங்க நேரா ஜீப்கிட்ட போனாங்க.

"பாயி, வண்டிய நிறுத்துங்க."

"பேட்டரி வீக்கு சலேத்தம்மா..."

"நிறுத்துங்க. தள்ளணும்னா நான் தள்றேன்."

நிறுத்தினார். அந்த இடம் அவ்வளவு அமைதியா இருந்து நான் பார்த்ததே இல்லை.

"இவுரு டீசல் விக்கிறாருன்னு சொன்னது நான்தான். நான் பாக்கல. யாரும் எங்கிட்ட சொல்லவும் இல்ல. வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். பொய்யி. எல்லாரும் கேட்டுக்கோங்க." அம்மா குரல்... லைன் முழுக்கக் கேட்டது. கொட்டாய்க்குள்ள சாமிக்கும் கேட்டிருக்கும்.

பாய் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம், "வுடும்மா... அடுத்த ஆளு நின்னுனு கீறாங்க" என்றார்.

அடுத்த ஆள் நான்தான். கொட்டாய் வாசல்ல கால் வெச்சிட்டேன், உள்ளே போகத் தயக்கம். பாய் என்னை ஒரு பார்வை பார்த்துட்டு சாவியைத் திருப்பினார்.

ஒரே திருப்பு. ஜீப் ஸ்டார்ட் ஆயிடுச்சு.

யாரும் தள்ளலை.

டீசல் எங்கே போச்சுன்னு எல்லாருக்கும் அப்போதான் தெரிஞ்சுது... அம்மா உட்பட. உள்ளே போய் முட்டி போட்டேன். கடைசியில் சொல்ற உத்தம மனஸ்தாப மந்திரம் பாதியில் மறந்துபோச்சு. சாமிதான் எடுத்துக்கொடுத்தார்.

வேற டிரைவர் வரவே இல்லை.

ரொம்ப நாள் கழிச்சு ஒரு தடவை கேட்டேன், ஏன் பாய் அப்பவே உண்மையைச் சொல்லலைன்னு. "சொன்னா வெளிய எல்லாம் கேக்குதுன்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சுபூடும். அப்பால யாரு டீச்சர் வந்து மனசு வுட்டுப் பேசுவாங்க? இன்னா இருந்தாலும் அவங்களுக்கும் அல்லாவுக்கும் நடுவுல கீற பேச்சு அது" என்றார்.

அந்த ஈஸ்டருக்கு அடுத்த மாசம்... லைன்ல முதல் ஆளா நின்னது அம்மாதான். உள்ளே போறதுக்கு முன்னாடி ஜீப்கிட்ட போய் நின்னாங்க.

"பாயி, பேட்டரி சரியாய்ட்ச்சா?"

"எங்கம்மா... இன்னும் வீக்காதான் கீது."

"அப்ப ஆஃப் பண்ணாதீங்க"ன்னு சொல்லிட்டு முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு உள்ளே போனாங்க.

போய்ட்டு வாங்க பாய்.